கிணற்றுப் பங்கில்லாத வீடு

சிவமயம்

நீர்வேலி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகன் சுதாகரனுக்கும் மருமகள் கஜந்தினிக்கும் பேரன் அகரனுக்கும் அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையாரின் கிருபையால் நானும் அப்பாவும் நடமாடித் திரிகிறோம், அவருக்கு முழங்கால் சொல்வழி கேட்பதில்லை, எனக்கு வாய் ஓய்வதில்லை, மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே குளிர் தொடங்கப் போகிறது என்று கஜந்தினி சொன்னாள், அது வருவதற்கு முன்பும் வந்த பிறகும் நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். என்னடா இந்தக் காலத்தில் கடிதம் என்று நீ சிரிப்பாய், நல்லாய்ச் சிரி. தபாற்கந்தோரில் ஊராரின் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்திக் குத்தி ஓய்வு பெற்றவள் நான், சொந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு உரிமை இல்லையா. போனில் கதைத்தால் நீ கார் ஓடிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரிவது உன் நெற்றியும் காரின் கூரையும்தான், நான் விஷயத்துக்கு வரும் நேரம் பார்த்து உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். குரலில் பேசி அனுப்பலாம் என்றால் போன மாதம் அகரன் உள்ளதைச் சொல்லிவிட்டான், அப்பம்மாவின் குரலை அப்பா இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறவர் என்று. அவன் குழந்தை, பகிடியாகத்தான் சொன்னான், எனக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. கோண்டாவில் மக்டலீன் ரீச்சர் வெள்ளிக்கிழமை கனடாவுக்கு மகளிடம் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாக ஓரிடத்தில் இருந்து வாசி.

நீ கேட்ட உரும்பிராய் வீட்டு விஷயத்தைத்தான் எழுத வருகிறேன். வாங்கலாமா விடலாமா என்று ஒரு சொல்லில் சொல்லுங்கள் அம்மா என்று கேட்டிருந்தாய். ஒரு சொல்லில் சொல்லக்கூடிய விஷயம் என்றால் நானும் போனிலேயே சொல்லியிருப்பேன், கடைசிப் பக்கத்துக்குப் பாயாமல் வரிசையாக வாசி. கஜந்தினிக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன். அந்த வீடு உனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்த குகதாசன் இருக்கிற வீடு, ஆனால் அவனுடைய வீடு அல்ல, மனைவி தனுசியாவின் சீதன வீடு. அதை வங்கியில் ஈடு வைத்துத்தான் அவன் லொறிகள் எடுத்தான். உழைப்பாளிப் பிள்ளை, குடி கிடி ஒன்றுமில்லை, ஆனால் டீசல் இல்லாத அந்தக் காலத்தில் லொறி வரிசையில் நிற்க வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. இடையில் அரசாங்கம் ஏலங்களைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்ததில் ஒரு மூச்சு விட்டார்கள், அந்தத் தவணை முடிந்த கையோடு வங்கிக்காரர் பேப்பரில் விளம்பரம் போட்டு, வாசல் படலையடியில் நின்று ஏலம் கூறினார்கள். ஊர்ச் சனம் ஒழுங்கை முழுக்க நின்றது, ஆனால் கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஏலத்துக்கும் நாள் குறித்துவிட்டார்கள், அன்றைக்கும் ஒருவரும் கேட்காவிட்டால் வங்கி அந்த வீட்டைத் தன் பெயருக்கே எடுத்துக்கொண்டு பிறகு விற்கும். உங்கள் பிராம்டனில் வங்கி எடுத்த வீடுகளை வாங்கித் திருத்தி விற்கிற உன் சிநேகிதன் உனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதானே, வங்கியின் கைக்கு வரும்வரைக்கும் பொறுத்திரு, அப்போது மலிவாக எடுக்கலாம், சொந்தக்காரனின் அழுகையைக் கேட்கத் தேவையில்லை என்று. குகதாசன் உனக்குப் போன் எடுத்துக் கேட்டது வேறு. ஏலத்துக்கு முன்பே நாம் வாங்கினால், விலை கடனை அடைக்கக் காணாவிட்டாலும் வங்கி சம்மதித்தால் அதை எடுத்துக்கொண்டு ஈட்டை விடுவிக்கும், தன் படலையில் இன்னொரு முறை ஏலமணி அடிக்கிற மானக்கேடும் இருக்காது என்று கேட்டான். எந்த வழி நல்லது என்பது உன்னுடைய கேள்வி. எனக்கு வழி ஒன்றும் கேள்வியாக இருக்கவில்லை தம்பி, நீ அந்தப் பேச்சின் நடுவில் சொன்ன ஒரு வசனம்தான் காதில் நின்றது. வீடு எடுத்தால் ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கே என்று வந்து நிற்பேன் என்றாய். சமையல் கட்டில் கறி அடிப்பிடிக்கப் போனைப் பிடித்தபடி நின்றேன், அந்தக் கருகல் கறியையும் அப்பா நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் ஓட்டோ பிடித்து இரண்டு பேரும் உரும்பிராய்க்குப் போனோம். வீடு வடிவான வீடு, அதில் பொய் சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஒதுக்கி வைப்பது போல தனுசியா வீட்டைக் கூட்டித் துடைத்து, கட்டில்களுக்குப் புது விரிப்பு விரித்து வைத்திருந்தாள். அவள் அப்படிச் செய்தது எனக்கு நெஞ்சில் குத்தியது, ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவள் வீட்டுக்குள் நின்று உன் குடும்பத்தைக் குடியிருத்தத் தொடங்கிவிட்டேன். கிழக்கு அறை அகரனுக்கு, காலமை வெயில் நேரே கட்டிலில் விழுகிறது, அவன் பிந்தி எழும்ப முடியாது. பெரிய அறை உங்களுக்கு. குசினியில் கஜந்தினி நின்று சமைக்க நல்ல உயரத்தில் கட்டு, யன்னலைத் திறந்தால் முருங்கை. அப்பா விறாந்தையைக் காலடி வைத்து அளப்பதைக் கண்டேன், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை, சாய்மனைக் கதிரை போடலாமா என்று பார்த்தேன் என்கிறார். அதோடு விட்டாரா, மற்ற நாள் தோட்டத்தில் நல்ல கதலிவாழைக் குட்டிகளாகப் பார்த்துக் கிளப்பி, சாக்கில் சுற்றி நனைத்து வைத்துவிட்டார், உரும்பிராய் வளவின் பின்பக்கம் நடுவதற்கு. இன்னும் ஒரு சதம் கொடுக்கவில்லை, காணி உறுதி எழுதவில்லை, மனுஷன் வாழை நடப் போகிறார். நான் ஏசவில்லை. நானும் அந்த நேரம் யன்னல் சீலைக்கு எத்தனை யார் துணி வேணும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்ப வெளிக்கிடும்போது அப்பா கால் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது, ஆனால் மோட்டர் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வீடு பார்க்கப் போன நாங்கள் இரண்டு பேரும் கிணற்றைப் பார்க்கவேயில்லை. ஊரில் காணி பார்க்கப் போகிற எவரும் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள், எங்களுக்கு நீ வருகிற சந்தோஷத்தில் கண் தெரியவில்லை. நீ எங்களுக்கு அனுப்பிய வீடியோவில், மேலே கமரா பறக்கவிட்டு எடுத்தது, வீட்டோடு ஒட்டிக் கப்பி போட்ட கிணறு தெரிகிறதே, அது தனுசியாவின் வளவுக்குள் இல்லை, தமக்கை றஜனியின் வளவுக்குள் இருக்கிறது. மேலேயிருந்து எடுத்தவனுக்கு மதில் ஒரு கோடுதான். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தகப்பன் காணியைச் சரி பாதியாகப் பிரித்துச் சீதனம் எழுதினாராம், கிணறு மூத்தவளின் பாதிக்குள் போய்விட்டது. இளையவளின் உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சகோதரிகளுக்குள் தண்ணீருக்கும் எழுத்தா என்று மனுஷன் விட்டுவிட்டார். அவர்களும் வேலியை எடுத்து மதில் கட்டியபோதுகூட நடுவில் பொட்டு விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள், ஒரு ஆள் சரிந்து போகிற அளவுக்கு, அதற்குள்ளால்தான் கறிச் சட்டி போய் வருகிறது, தண்ணீர்க் குழாயும் போகிறது. கடன் கொடுக்கும்போது வங்கியிலிருந்து வீட்டை மதிக்க வந்தவர் குழாயைத் திறந்தார், தண்ணீர் கண்டார், தண்ணீர் வசதி உண்டு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஏலத்தில் ஊரார் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது விளங்குகிறதா. அயலவர் வீடிழக்கிற இடத்தில் நின்று விலை கேட்கக் கூசினது ஒன்று, மற்றது அது தண்ணீர் இல்லாத வீடு என்று ஊருக்கே தெரியும். நீங்கள் மலிவு என்று நினைத்தது அதைத்தான். புதுக் கிணறு வெட்டலாமே என்பாய், கேட்டுப் பார்த்தோம், அந்தச் சின்ன வளவில் மலக்குழிக்குத் தூரம் விட்டுப் பார்த்தால் கிணறு வெட்ட இடமே இல்லை, குழாய்த் தண்ணீரும் அந்த ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை.

பிறகு கோப்பாயில் நொத்தாரிசு தம்பிஐயாவிடம் போனேன், நீ அங்கே யாரிடமும் காசு கட்டி அறிவுரை கேட்பதற்கு முதல் இதைக் கேள். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எனக்கு விளங்கும்படி சொன்னார். வங்கி தன் பெயருக்கு எடுத்த வீட்டை வாங்கினால் வங்கி உனக்குத் தருவது தன்னிடம் உள்ளதைத்தான், கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும் பொறுப்பில்லை, உள்ளபடி எடு என்பார்கள். உள்ளே ஆட்கள் இருந்தால் அவர்களை எழுப்புகிற வேலையும் பெரும்பாலும் உன் தலையில்தான், வழக்கு, நீதிமன்றம், தவணை என்று போகும், கனடாவில் இருந்துகொண்டு தனுசியாவின் சட்டி பானையை றோட்டில் வைக்க நீ ஆள் பிடிக்க வேண்டி வரும். அந்தச் சட்டி பானையில் நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். கிணறோ வங்கியின் கடதாசியில் இல்லவே இல்லை, இல்லாததை அவர்கள் விற்கவும் முடியாது, றஜனி குழாயை வெட்டிவிட்டால் யாரிடமும் முறையிடவும் முடியாது. குகதாசன் சொன்ன மற்ற வழியில், கடனுக்குக் காணாத விலைக்கு வங்கி சம்மதத்தோடு வாங்குவதில், சங்கடங்கள் வேறு. இங்கே மனேஜர் தலையை ஆட்டுவார், ஆனால் கொழும்பில் பெரிய கந்தோர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அதற்கு மாதக் கணக்கில் இழுபடும், அதற்குள் நீ குகதாசனின் கையில் முற்பணம் என்று ஏதாவது கொடுத்தால் அது போன காசு என்று நினைத்துக்கொள்ள வேண்டும். லொறிக்கு லீசிங் கொடுத்தவர்கள் வீட்டின் மேலும் ஏதாவது உரிமை பதிந்திருக்கிறார்களா என்று காணிக் கந்தோரில் தேட வேண்டும். இதையெல்லாம் தேடலாம், பொறுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் என்னைக் கதிரையில் இருக்கவிடவில்லை. விலைக்கும் கடனுக்கும் இடையில் துண்டு விழுகிற தொகையை வங்கி மன்னித்துவிட்டது என்று எழுத்தில் வாங்காவிட்டால் அது பிணை நின்றவரைத் தேடிப் போகும் என்றார். தம்பி, குகதாசனுக்குப் பிணை நின்றது றஜனியின் கணவர். அவர்களின் வீடு, அந்தக் கிணறு இருக்கிற வளவு, அதுதான் அடுத்ததாக வங்கியின் கண்ணில் படும். நாம் எவ்வளவுக்கு எவ்வளவு குறைத்துக் கேட்கிறோமோ அவ்வளவும் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் விழுகிறது. உன் சிநேகிதன் உனக்கு இதைச் சொன்னானா, சொல்லியிருக்க மாட்டான், அவன் வாங்கி விற்கிற வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இதைக் கேட்ட பிறகு றஜனியைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஏசுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், முதல் நாள் நாங்கள் வீடு பார்த்தபோது அவள் பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள். அவள் ஏசவில்லை, கதிரை எடுத்துப் போட்டாள். நியாயமாகக் கதைத்தாள். வங்கியோடு பேசி, நல்ல விலை ஒன்று கொடுத்து, பிணையை விடுவித்து எழுத்தில் எடுத்தால் தங்கச்சி மரியாதையாக வெளிக்கிடுவாள், தங்களுக்கும் நித்திரை வரும் என்றாள். அதோடு கிணற்றில் பாதிப் பங்கைத் தானே சும்மா எழுதித் தருவேன், ஒரு சதமும் வேண்டாம் என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போனது, பார்த்தாயா எல்லாம் சரிவருகிறது, பிள்ளையார் வழிவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் அவள் ஒரு நிபந்தனை சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஆக்கள் வந்து இருப்பினமெண்டால் எழுதித் தாறன் அன்ரி. பூட்டி வைக்கிற வீட்டுக்குத் தண்ணி என்னத்துக்கு?" அந்த ஒழுங்கையில் அவளுக்கு முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு, இரண்டும் வெளிநாட்டுக்காரருடையவை, இரண்டும் பூட்டு, ஒன்றின் கேற்றில் கொடி படர்ந்து திறக்கவே முடியாமல் போய்விட்டது. புருஷன் வேலைக்குப் போனால் மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கச்சியின் சத்தம் ஒன்றுதான் அவளுக்குத் துணை, இனி அதுவும் இல்லை. கூப்பிட்டால் ஓம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், யாரென்றாலும் பரவாயில்லை என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "சுதாகரன் வந்து இருப்பாரோ அன்ரி?"

கேட்டுச் சொல்கிறேன் பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பின்னேரம் உனக்குப் போன் எடுத்ததே அதைக் கேட்கத்தான். நீ உற்சாகமாக இருந்தாய், நான் வாய் திறப்பதற்குள் உன் யோசனைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டாய். வீட்டைச் சுற்றிக் கமரா பூட்டினால் பிராம்டனில் இருந்தே பார்க்கலாமா என்று கேட்டாய். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்க, முற்றம் கூட்ட நம்பிக்கையான ஆள் ஒன்று பிடிக்கச் சொன்னாய். நாங்கள் இங்கிருந்து உரும்பிராய்க்கு மாறினால் வீட்டுக்கும் காவல், எங்களுக்கும் வசதி என்றாய். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே போனை வைத்தேன். வந்து இருக்கப் போகிற வீட்டுக்கு யாரடா விளக்கு வைக்க ஆள் தேடுவது? கமரா பூட்டி அதற்குள் என்னையும் அப்பாவையும் இருத்திவிட்டு நீ அங்கிருந்து பார்ப்பாயா, இரட்டை வேகத்தில் ஓடவிட்டு? கோபத்தில் எழுதிவிட்டேன், அந்த வரியை வெட்ட மனமில்லை, அப்படியே கிடக்கட்டும். நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் வந்து நிற்பேன் என்று சொன்னபோது நீ உண்மையாகத்தான் நினைத்திருப்பாய். ஆனால் அகரனுக்குப் பள்ளிக்கூடம், கஜந்தினி இப்போதுதான் வேலையில் உயர்ந்திருக்கிறாள், அங்கே இருக்கிற வீட்டுக்கும் நீ வங்கிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறாய். இதெல்லாம் எனக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டுதான் நானும் யன்னல் சீலைக்கு அளவு பார்த்தேன். எனக்கு வீடு வேண்டாம் தம்பி, இருக்கிற வீட்டுக்கே நாங்கள் இரண்டு பேர் காணாது. எனக்கு உன்னைக் காண வேணும் போல இருக்கிறது. நெற்றியை மட்டுமல்ல, முழு ஆளாக, நீ முற்றத்தில் சாரத்தோடு நின்று பல் தீட்டுவதை, அப்பாவோடு தேவையில்லாத விஷயத்துக்கு வாதாடுவதை, சோறு காணாது இன்னும் போடுங்கோ என்று கோப்பையை நீட்டுவதைக் காண வேணும் போல இருக்கிறது. எப்போது வருவாய் என்று கேட்டால் பார்ப்பம் அம்மா என்பாய், அதை வைத்துக்கொண்டு நானும் இவ்வளவு காலம் ஓட்டிவிட்டேன். றஜனி கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தச் சொல்லை அவளிடம் கொடுக்க முடியாது என்று.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. சண்டிலிப்பாயில் இருந்து வந்து உரும்பிராயில் வாடகைக்கு இருக்கிற ஒரு குடும்பம், புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஆசிரியர்கள், இந்த வீட்டைக் கேட்கிறார்கள். அவர்கள் தங்கள் சம்பளத்துக்கு வேறு கடன் எடுத்து, நாங்கள் நினைத்திருந்ததைவிடக் கூடத் தருவார்கள், அந்த விலைக்குப் பிணையையும் விடுவித்து எழுதித் தர வங்கி சம்மதிக்கும் போல இருக்கிறது என்று தம்பிஐயா சொன்னார். குகதாசன் உனக்கு முதலில் வாக்குக் கொடுத்துவிட்டபடியால் அவர்களை நிறுத்தி வைத்திருந்தான். நான் பதில் சொல்லாமல் இழுக்க இழுக்க ஏல நாள் கிட்டிக்கொண்டு வந்தது. தனுசியா ஒரு நாள்கூட எனக்குப் போன் எடுத்து நெருக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. முந்தாநாள் நான் தனியே உரும்பிராய்க்குப் போனேன். அப்பாவுக்கும் சொல்லவில்லை, உன்னையும் கேட்கவில்லை. றஜனி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள், பொட்டுக்குள்ளால் தனுசியாவும் வந்து நின்றாள். நான் சொன்னது இவ்வளவுதான். "இல்லைப் பிள்ளையள். என்ரை மகன் வந்து இருக்கமாட்டான். வீட்டை அந்த ரீச்சர் ஆக்களுக்குக் குடுங்கோ." அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுகூட இல்லை. தனுசியா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, நான் அழுதேன், கிணற்றுக் கட்டில் இருந்து சத்தம் போட்டே அழுதேன், றஜனி கையைச் சீலையில் துடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சாக்கில் இருந்த வாழைக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கே போய்விட்டார், பொழுதுபட்ட பிறகுதான் வந்தார். உன்னோடு அவருக்குக் கோபமில்லை, என்னோடும் இல்லை, யாரோடு என்று அவருக்கே தெரியாது, நீ போன் எடுத்தால் வழக்கம்போல மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும்தான் கதைப்பார், நீயும் அதையே கதை. ஆசிரியர் குடும்பம் வங்கிக்குப் போய்க் கடதாசி கொடுத்துவிட்டது, ஏலத்தை நிறுத்தி வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். றஜனி கிணற்றுப் பங்கை இந்த முறை எழுத்தில் கொடுக்கிறாள். அதனால் நீ காசு அனுப்ப வேண்டாம், இந்த வீட்டுக்கென்று சேர்த்து வைத்ததை அங்கே உன் வீட்டுக் கடனுக்குக் கட்டு. உன்னைக் கேட்காமல் முடிவு சொன்னதற்கு நீ கோபப்பட்டால் படு, நான் தாங்குவேன்.

மக்டலீன் ரீச்சரிடம் மிளகாய்த்தூளும் அகரனுக்குப் பயற்றம் பணியாரமும் கொடுத்துவிடுகிறேன், கடிதத்தை அவர் அங்கே தபாலில் போடுவார், அது கிடைத்த அன்றே போய்ப் பொதியை எடுத்துக்கொள், அவரைக் காக்க வைக்காதே. மிளகாய்த்தூளைக் குளிர்ப்பெட்டியில் வை. கஜந்தினி முதுகு வலி என்றாளே, பாரம் தூக்க விடாதே, குனிந்து கூட்டுவதை நீ செய், ஒன்றும் குறைந்து போகமாட்டாய். அகரனை ஒரு வரியாவது தமிழில் எழுதி அனுப்பச் சொல், பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், மனம் ஒத்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உங்கள் கைக்கு எட்டியது எல்லாம் நிலைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தபாற்கந்தோரில் இருந்த காலத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, பாலேஸ்வரி சொன்னது பொய் என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. இந்த முறை நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடு தம்பி. அந்த வீடு போனால் போகட்டும், வேறு வீடும் வேண்டாம், வந்து எங்கள் வீட்டில் நில், ஒரு நாள் அந்த உரும்பிராய் ஒழுங்கையால் நடந்து போ. றஜனி கண்டு, உங்கடை அம்மா எங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டா என்று உன்னிடம் சொல்லட்டும்.

உன்னை எதிர்பார்க்கும்
அம்மா,
கதிரவேலு பாலேஸ்வரி.